நூற்றுக்கு எத்தனை?

வேலூரில் காவிரிப் படித்துறையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வெகு நேரம் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"டாக்டர் குடுத்தாருங்கண்ணா. ஒவ்வொண்ணுக்கும் நூத்துக்கு எத்தனைன்னு போடோணுமாம்."

கைப்பேசியில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் அவனைப் பிடித்திருந்தது. தூக்கம் போயிற்று, வேலை கெட்டது, விடவும் முடியவில்லை. தனிமையில், மனச்சோர்வில், தூக்கம் வராத இரவில், பார்க்காமல் இருந்துவிட முடியும் என்று எவ்வளவு தூரம் நம்புகிறாய்? இப்படிப் போயின கேள்விகள். எல்லாவற்றுக்கும் நூறு போட்டிருந்தான்.

"நெசமாவா தம்பி?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

மனவுறுதிக்கு மார்க்குப் போடுவதா என்று எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இது விளையாட்டல்ல. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை மனிதனின் செயலை எப்படி ஆளுகிறது என்று 1977-ல் ஆல்பர்ட் பாந்துரா எழுதினார். அந்த வழியில் ஷேன் கிராஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-ல் இந்தப் பழக்கத்துக்கென்றே 18 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். கைப்பேசிப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்காகப் பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவே இருக்கிறது.

இந்த எண் ஒருவனுடைய யோக்கியதையை அளப்பதில்லை. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும், 'தப்புச் செய்கிறோமே' என்ற வெட்கம் ஒன்றை மட்டும் வைத்து ஒருவனை நோயாளி என்று சொல்லக் கூடாது என்கிறது. அடக்க முயன்றும் அடக்க முடியாமல் வாழ்க்கை சீர்குலைவதுதான் நோய். வெட்கம் வேறு, இயலாமை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் இந்தப் பிள்ளை நூறு போட்டிருந்தான். அது அவனுடைய பலமல்ல, பயம்.

அப்படியானால் குறைத்துப் போடுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகாதா? 'எனக்கு முப்பதுதான்' என்று சொல்லிக்கொண்டே ஒருவன் விழுந்து கிடக்கலாமே? கிடக்கலாம். ஆனால் நம்பிக்கை பெரும்பாலும் செய்து முடித்த சிறு வெற்றிகளிலிருந்து வளர்கிறது என்றும் பாந்துராவே சொன்னார். எந்தச் சிறு வெற்றியிலிருந்து தொடங்குவது என்பதை அந்த முப்பதுதான் காட்டும். பொய்யான நூறு காட்டாது.

எங்கள் ஊர் வெற்றிலைத் தோட்டக்காரருக்கு இது தெரியாததல்ல. கொடி தானாக நிற்கும் என்று அவர் விட்டுவிடுவதில்லை. அகத்தியை வளர்த்து அதிலேதான் கொடியைக் கட்டுகிறார். அதற்காகக் கொடியை யாரும் கேவலமாகப் பேசுவதில்லை.

இதைத்தான் அவனிடம் சொன்னேன். பேனாவை வாங்கிக்கொண்டான். இரண்டு மூன்று எண்களை அடித்துத் திருத்தினான். இரவில் தனியே இருப்பதற்கு எதிரே நூறை அடித்துவிட்டு முப்பது என்று எழுதினான்.

"இதுதானுங்கண்ணா நெசம். இனி ராத்திரியில போனை அம்மாகிட்டக் குடுத்துட்டுப் படுத்துக்கறனுங்க."

"அம்மா ஏன்னு கேட்டா?"

"தூக்கம் வரமாட்டேங்குதுன்னு சொல்றனுங்க. அதுவும் நெசந்தானுங்களே."

காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு எழுந்து போனான். எனக்கு அந்தக் காகிதம் கிடைத்தால் எத்தனை இடத்தில் நூறு போட்டிருப்பேன் என்று யோசித்துக்கொண்டு, இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.