எஞ்சி நிற்கும் ஒன்று

பலவற்றைத் துறப்பது கடினமா, ஒன்றைத் துறப்பது கடினமா?

நம் நாட்டில் தனிமனிதர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளுக்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்துள்ளது. 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது மூன்று. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்த ஆயுதங்களுக்கும் இந்த வரம்பு பொருந்தும். மிகுதியாக உள்ளதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

மூன்று ரிவால்வர்கள் வைத்திருந்த ஒருவர், சட்டம் கேட்பதற்கும் மேலாக, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளத் தீர்மானிக்கிறார் எனக் கொள்வோம். ஒன்று தந்தையார் விட்டுச் சென்றது. மற்றொன்று வேலைப்பாடு மிகுந்த பழைய அயல்நாட்டுப் பொருள். மூன்றாவது கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த எளிய பாயிண்ட் 32 ரிவால்வர். எதை வைத்துக்கொள்வார்?

‘பாதுகாப்புக்காகவே வைத்திருக்கிறேன்’ என்று அவர் இதுவரை சொல்லி வந்திருக்கலாம். அது உண்மையானால் பழுதின்றி இயங்கும் எளியதே போதும். ஆனால் கை வேலைப்பாடு மிக்கதை நோக்கி நீளுமானால், அவர் காத்து வந்தது உயிரையா, பெருமையையா? தந்தையின் நினைவுக்காக என்றால், தந்தையின் நேர்மையும் ஈகையும் அந்த இரும்பைவிடச் சிறந்த நினைவுச் சின்னங்கள் அல்லவா? நாம் சொல்லும் காரணம் ஒன்று, மனம் பற்றியிருப்பது வேறொன்று என்பதைத் தேர்வுதான் வெளிப்படுத்துகிறது.

பதஞ்சலி முனிவர் யமங்களுள் ஒன்றாக அபரிக்கிரகத்தைக் கூறுகிறார். பொருள்களை ஈட்டுவதிலும், காப்பதிலும், அவை அழிவதிலும், அவற்றின்மீது பற்று வளர்வதிலும், அவற்றால் பிற உயிர்க்குத் தீங்கு நேர்வதிலும் உள்ள குற்றங்களைக் கண்டு அவற்றை ஏற்காதிருப்பதே அது என்று வியாசரின் உரை விளக்குகிறது. துப்பாக்கியின் விஷயத்தில் இந்த ஐந்தையும் தேடிக் காண வேண்டியதில்லை. உரிமம் பெறும் அலைச்சல், பூட்டிக் காக்கும் கவலை, துருவேறும் என்ற அச்சம், ‘என்னுடையது’ என்ற பெருமிதம், ஒரு கணக் கோபத்தில் நேரக்கூடிய கொலை என ஐந்தும் வெளிப்படையாகவே உள்ளன.

பாகவதம் கூறும் பரதரின் வரலாறு நாம் அறிந்ததே. அரசையும் மக்களையும் துறந்து வனம் சென்ற அவர், தாயற்ற மான்குட்டி ஒன்றைக் காப்பாற்றினார். கருணையாகத் தொடங்கியது பற்றாக முதிர்ந்தது. இறுதி நினைவும் மானாகவே அமைந்தது. ஓர் அரசின்மீது பரந்திருந்த பற்று முழுவதும் ஒரு குட்டியின்மீது குவிந்துவிட்டது.

ஆகவே எண்ணிக்கை குறைவதாலேயே பற்று குறைந்துவிடாது. காவற்கடமை காரணமாக ஒருவருக்கு ஆயுதம் தேவைப்படலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஒன்றையும் நாளை ஒப்படைக்க நேர்ந்தால் கலக்கமின்றிக் கொடுத்துவிட்டு அன்றிரவு நிம்மதியாக உறங்க முடியுமா? முடியுமானால் பொருள் அவரிடம் இருக்கிறது. முடியாவிட்டால் அவர் பொருளிடம் இருக்கிறார்.