கம்பனிக் காசு

வெள்ளவத்தைக் கராஜ்களிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களிலும் “கம்பனிக் காசுதானே!” என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. நேற்று உடைந்த முன்விளக்கோடு, சென்ற ஆண்டு நசுங்கிய கதவையும் சேர்த்து நட்டஈடு கோருபவரை நாம் திருடர் என்பதில்லை, கெட்டிக்காரர் என்கிறோம். பெருமூலதனத்தை ஓர் எளியவன் ஏய்ப்பது குற்றமாகுமா என்னும் வினா, சுரண்டலை வெறுக்கும் நம்மனோர்க்குச் சங்கடமானதுதான்.

அக்காசு எவருடையது? 1951-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிய பின், வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனமும் ஏதோவொரு பொது நிதிக்குப் பங்கு செலுத்த வேண்டியதாயிற்று. 1962-இல் தொழிற்படத் தொடங்கிய அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 2003-இல் தனியார் கைக்குப் போயிற்று. 2009-இல் உயர் நீதிமன்றம் அவ்விற்பனை செல்லாது என்றது. உடைமையாளர் மாறிய போதெல்லாம் பழைய கதவின் நியாயமும் மாறிற்றா? இல்லையெனில், முதலாளித்துவ எதிர்ப்பு என்னும் சாக்கு இங்கே பொருந்தாது.

ஏமாற்றப்படுபவர் முதலாளி மட்டுமே என்பதும் பிழை. திருத்த வேலைக்கு உண்மையில் 60,000 ரூபா ஆகுமெனக் கொள்வோம். கம்பனி வெட்டும் என்றெண்ணிக் கராஜ்காரர் 90,000 என எழுதுகிறார். அவர் கூட்டித்தான் எழுதியிருப்பார் என்றெண்ணி மதிப்பீட்டாளர் 60,000 ஆக வெட்டுகிறார். இருவரும் பொய்யை மொழியாகக் கொண்டு உண்மையில் வந்து முடிகிறார்கள்! இந்த மொழி தெரியாமல் 60,000 என்றே எழுதிக் கொடுத்தவரின் கதி என்ன? அவருக்கும் அதே வெட்டு விழுகிறது; 40,000 உடன் வீடு திரும்புகிறார்.

பொய்யைக் கண்டுபிடிப்பது அத்துணைக் கடினமுமன்று. நசுங்கிய இடத்தில் துரு ஏறியிருந்தால் காயம் பழையது. மோதிய வண்டியின் பம்பர் எந்த உயரத்தில் உள்ளதோ அந்த உயரத்திலேயே அடியும் பட்டிருக்க வேண்டும். காப்புறுதி எடுத்த சில நாட்களுக்குள், சாட்சியற்ற நள்ளிரவில் நேர்ந்த விபத்தென்றால் எவரும் இருமுறை வினவுவர். இந்தச் சந்தேகக் கண், குற்றமற்றவர் மீதும் அவ்வாறே விழுகிறது என்பதே நமது கவலை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020-இல் வாகன இறக்குமதி தடைப்பட்டபின் பழைய வண்டிகளின் விலையும் மிக ஏறியது. முந்திய விலைக்கே காப்புறுதி செய்திருந்த முச்சக்கரவண்டிக்காரரின் நட்டஈடு, பெறுமதி வேறுபாட்டின் விகிதப்படி குறையக்கூடும். பத்திரத்தின் சிறிய எழுத்துகள் அதற்கு இடமளிக்கின்றன. புதுப்பிக்கும் நாளில் இதனை அவருக்கு எடுத்துரைக்க வேண்டியவர் யார்?

1766-இல் இலண்டனில் மான்ஸ்பீல்டு பிரபு அளித்த தீர்ப்பே காப்புறுதியின் நன்னம்பிக்கைக் கோட்பாட்டிற்கு மூலமாகக் காட்டப்படுகிறது. சுமாத்திராவிலிருந்த ஒரு கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியதால் எழுந்த வழக்கு அது. கோட்டையின் நிலையை மறைத்தார் என்று காப்புறுதியாளர் வாதித்தார். ஆனால் வென்றவர் நட்டஈடு கோரியவரே. வாய்மைக் கடமை இரு சாராருக்கும் உண்டு என்ற பிரபு, கப்பல் கரை சேர்ந்ததை இரகசியமாக அறிந்துகொண்டே அதன் பயணத்திற்குக் காப்புறுதிக் கட்டணம் வாங்குபவன் அதனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் கூறினார். கடமையின் இந்தப் பாதியை நமது படிவங்களில் தேடித்தான் காணவேண்டும்.

பொய்களும் ஒரே தரத்தனவல்ல. 2016-இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம், உரிமையுள்ள கோரிக்கையைத் தாங்கிப் பிடிக்கச் சொன்ன தேவையற்ற பொய்க்காக ஒரு கப்பலின் உரிமையாளர் நட்டஈட்டை இழக்கமாட்டார் என்று பெரும்பான்மையாகத் தீர்த்தது. பணம் கிடைக்காதோ என்ற அச்சத்தில் “நாய் குறுக்கே ஓடியது” எனும் கொட்டாஞ்சேனைச் சாரதியை எண்ணுகையில் அத்தீர்ப்பு நமக்கு உவப்பாகவே இருக்கிறது. ஆயினும் கோரிக்கையையே ஊதிப் பெருக்கியவர் முழுவதையும் இழப்பார் என்ற விதியை அந்நீதிபதிகள் தொடவில்லை. அதன்படி, கதவையும் சேர்த்து எழுதியவருக்கு முன்விளக்கும் கிடையாது.