மீத்திறக் குழந்தையும் பொதுப் பணமும்

பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட சந்தைக் கட்டடம் 1921-ஆம் ஆண்டளவில் எழுந்த காலந்தொட்டு, தில்லியின் கோல் மார்க்கெட் வட்டாரம் அரசாங்கக் குமாஸ்தாக்களின் குடியிருப்பாகவே பெயர்பெற்றது. சென்னை ராஜதானியிலிருந்து செக்ரடேரியட் உத்தியோகம் பார்க்கப் போன தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கேதான் அடுப்பு மூட்டின. பூர்விக நிலமோ வியாபார முதலோ கைவசமில்லாத அக்குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்பையே ஆஸ்தியாகக் கொண்டதில் வியப்பில்லை. முன்னாளில் ரீடிங் ரோடு என்று வழங்கிய மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில், பேஷ்வா ரோட்டில், நகராட்சியின் ஆதரவில் நடக்கும் நவயுக் பள்ளி ஒன்றும் இருக்கிறது. முன்னது ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காக எழுப்பியது. பின்னது, வசதி குறைந்த வீடுகளில் பிறந்த திறமைசாலிக் குழந்தைகளைத் தேர்ந்து பயிற்றுவிக்கவேண்டும் என்று 1973-இல் தொடங்கிய முயற்சியின் கிளை. எல்லாருக்கும் பொதுவான கஜானாவிலிருந்து, இயற்கை ஏற்கெனவே தாராளமாய் அளித்திருக்கும் குழந்தைக்கு மேலும் அளிப்பது தர்மமாகுமா என்ற கேள்வி இவ்வட்டாரத்துத் தெருக்களிலேயே எழுந்து நிற்கிறது.

இதற்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் சமாதானம் தேச நன்மை என்பதாகும். 1963-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில் விஞ்ஞானத் திறமையுள்ள மாணவர்களைக் கண்டறியும் திட்டமொன்றைத் தில்லியில் மட்டும் நடத்திப் பார்த்து, பதினோராம் வகுப்பு மாணவர் பத்துப் பேருக்கு உபகாரச் சம்பளம் அளித்தது. மறு ஆண்டே அது நாடு முழுவதற்கும் விரிந்தது. எழுத்துத் தேர்வோடு நில்லாமல், மாணவன் தானே செய்த ஆய்வின் அறிக்கையையும் நேர்முகப் பரீட்சையையும் சேர்த்து எடைபோட்டது அத்திட்டத்தின் சிறப்பு. ஆயினும் அந்தச் சம்பளம் அடிப்படை விஞ்ஞானம் படிப்பவனுக்கே உரியதாயிருந்தது. 1976-இல்தான் சமூக இயலுக்கும் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் வழி திறந்தது. தேசத்துக்கு விஞ்ஞானிகள் தேவைப்பட்ட காலம் அது என்பது மெய்யே. ஆனால் குழந்தையின் புத்தியைத் தேசம் இட்ட முதலாகவும் அவன் பிற்காலச் சாதனையை அதன் வட்டியாகவும் கருதத் தொடங்கிவிட்டால், பௌதிகத்தை விட்டு வியாகரணத்தில் மனம் செலுத்துகிற பிள்ளையும், நடுவயதில் ஒன்றும் சாதிக்காமல் நிம்மதியாக வாழ்கிற மனிதனும் கடன் திருப்பாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

அன்றியும், வட்டியை முன்கூட்டிக் கணக்கிடவும் ஒருவராலும் முடிந்ததில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் 1921 முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கூரிய மதியுடைய குழந்தைகளைப் பொறுக்கியெடுத்துப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, சோதனைக்கு வந்தும் போதிய எண் பெறாமல் விலக்கப்பட்ட சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரஸும். அவர்களே பின்னர் 1956-இலும் 1968-இலும் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அப்பரிசு வாய்க்கவில்லை. டெர்மன் கையாண்ட அளவுகோலின் மூலம், 1905-இல் பிரான்சில் ஆல்பிரட் பினே, வகுப்பில் பின்தங்கி உதவி வேண்டி நிற்கும் குழந்தைகளைக் கண்டுகொள்வதற்காக வகுத்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மகுடம் சூட்ட அல்ல, தேவையை அறியவே அது பிறந்தது.

தேவை என்ற அந்த அஸ்திவாரத்தின்மேல் நிறுத்தினால்தான் மீத்திறக் குழந்தையின் உரிமை உறுதியாக நிற்கும். அக்குழந்தை நாளை என்ன தரும் என்பதை விட்டு, இன்று வகுப்பறையில் அதற்கு என்ன நேர்கிறது என்று பார்க்கவேண்டும். நியூயார்க்கில் இத்தகைய குழந்தைகளோடு நெடுங்காலம் பழகிய லீட்டா ஹாலிங்வொர்த் என்ற அம்மையார், நுண்ணறிவு எண் 140 உள்ள குழந்தை சாதாரண வகுப்பில் பாதிப் பொழுதை வீணாக்குகிறது என்றும், 170-க்கு மேற்பட்டதோ ஏறக்குறைய முழுப் பொழுதையும் வீணாக்குகிறது என்றும் கண்டு சொன்னார். பத்து நிமிஷத்தில் கணக்கைப் போட்டு முடித்த பிள்ளை மீதிப் பொழுதில் குறும்பு செய்கிறான், அல்லது கனவு காண்கிறான். அது பெரிய நஷ்டமில்லை. பிரயாசை இல்லாமலே விடை வரும் என்று ஆண்டுக்கணக்காகப் பழகிப் போய், மெய்யாகவே கடினமான ஒன்று எதிர்ப்படும் வயதில் உழைக்கவும் தெரியாமல், தோற்கவும் தெரியாமல் நிற்கிறானே, நஷ்டம் அதுதான்.

வீட்டில் நடப்பதும் மெச்சத்தக்கதாக இல்லை. விருந்தாளி வந்தால் ஒப்பிக்கச் சொல்லிப் பெருமைப்படுவதும், அவர் போனபின் அதே வாயை அதிகப்பிரசங்கி என்று அடக்குவதும் நமது குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். இக்குழந்தைகளின் வளர்ச்சி எல்லா அங்கங்களிலும் ஒரே சீராக நடப்பதில்லை. பன்னிரண்டு வயதுக்குரிய கணிதமும் ஏழு வயதுக்குரிய அழுகையும் ஒரே உடம்பில் குடியிருக்கும். இவ்வளவு தெரிந்தவனுக்கு இது தெரியாதா என்று அதட்டுவது அநீதி. கணிதமல்லாத பாடங்களில் தேறாமையால் கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனின் உபகாரச் சம்பளம் பறிபோன கதையை எல்லாரும் அறிவார்கள். விதியின்படி பார்த்தால் அக்கல்லூரி பிழையொன்றும் செய்யவில்லை. சீரான வளர்ச்சியை மட்டுமே திறமை என்று ஒப்புக்கொண்ட விதியே பிழையானது.

தேவையை ஒப்புக்கொண்டபின், தனிப்பள்ளி வேண்டுமா என்பது தர்மத்தைவிட உபாயத்தைச் சேர்ந்த கேள்வியாகிறது. டபுள் புரமோஷன் என்று பழைய பள்ளிகளில் வழங்கிய முறை செலவில்லாதது. பிள்ளையின் உடம்பையும் தோழமையையும் கவனித்துச் செய்தால், இன்று அதன்மேல் சுமத்தப்படும் அளவுக்குக் கெடுதல் உடையதன்று. 1986-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையை ஒட்டிப் பரவிய நவோதயப் பள்ளிகள், ஆறாம் வகுப்பில் தேர்வு வைத்து, முக்கால் பங்கு இடங்களைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகின்றன. மொழிக்கொள்கை காரணமாகத் தமிழ்நாடு அவற்றை ஏற்கவில்லை. குழந்தைகளைச் சோதித்துப் பொறுக்கிச் சேர்ப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது என்பதும், நவோதயத் தேர்வு இன்னும் நடக்கிறது என்பதும் நம் மனத்தின் இரட்டை நிலையையே காட்டுகின்றன. தேர்வு என்று ஒன்று இருந்தால் அதற்கென்று டியூஷன் முளைக்கும். டியூஷனுக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளையே அறிவாளியாகத் தோன்றுவான். ஆகையால் வறிய வீடுகளை நோக்கியே தேடவேண்டும் என்று வகுத்த நவயுக் நோக்கம் மற்றவற்றைவிட நியாயத்துக்கு நெருக்கமானது. வசதியுள்ள வீட்டுக் கூர்மதிக்கு அகராதியும் நூலகமும் அப்பாவின் சிநேகிதரும் இருக்கிறார்கள். ஒண்டுக்குடித்தன வீட்டுக் கூர்மதிக்குப் பள்ளியைத் தவிர வேறு நாதியில்லை.

இவ்வளவு விவாதத்திலும் ஒருவரும் குழந்தையின் சம்மதத்தைக் கேட்பதாகத் தெரியவில்லை. பத்து வயதில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை, புதுப் பள்ளியின் சுமையைவிடப் பழைய தெருவின் தோழர்கள் மேல் என்று இரண்டு வருஷத்தில் தீர்மானித்தால், அதைத் தோல்வியென்று குறிக்காமல், தேசத்தை வஞ்சித்ததாகக் கண்டிக்காமல், அவனைத் திரும்ப விடுவதற்கு அந்தப் பள்ளியும் பெற்றோரும் சித்தமாயிருக்கவேண்டும்.