வாசலை மறைத்து நிற்பவர்கள்

நமது ஆண்டவராகிய சேசுநாதர் கப்பர்நாகும் ஊரில் ஒரு வீட்டிலிருந்து போதித்துக்கொண்டிருந்த வரலாற்றை அர்ச். மாற்கு தமது சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் பலமுறை கேட்ட வரலாறுதான். வீடு நிறைந்து, வாசலண்டையிலும் இடமில்லாதபடி ஜனங்கள் கூடிவிட்டார்கள். அவ்வேளையில் திமிர்வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒருவனை நான்குபேர் படுக்கையோடு சுமந்துகொண்டு வந்தார்கள். கூட்டத்தின் நிமித்தம் அவர்களால் ஆண்டவரை நெருங்க முடியவில்லை. ஆகவே மேலே ஏறி, கூரையைப் பிரித்து, நோயாளியைப் படுக்கையோடு அவருடைய சந்நிதியில் இறக்கினார்கள்.

இந்த வரலாற்றைப் பிரசங்கிக்கும்போது நோயாளியைப்பற்றிப் பேசுவோம். அந்த நால்வருடைய விசுவாசத்தைப்பற்றிப் பேசுவோம். பாவங்களை மன்னிக்க ஆண்டவருக்குள்ள அதிகாரத்தைப்பற்றிப் பேசுவோம். வாசலில் நின்றவர்களைப்பற்றி அதிகமாய்ப் பேசுவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கொஞ்சம் கவனிப்போம்.

அவர்கள் யார்? திருடர்களல்ல, கொலைகாரரல்ல. வேலையை விட்டுவிட்டு தேவவாக்கியத்தைக் கேட்க வந்தவர்கள். நோயாளியின்பேரில் அவர்களுக்குப் பகையில்லை. அவர்களுடைய முகம் ஆண்டவர் பக்கமாயிருந்தது. முதுகு நோயாளியின் பக்கமாயிருந்தது. அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

உண்மையிலேயே அங்கே இடமில்லாமலிருந்ததா என்று கேட்பீர்கள். வரலாற்றின் முடிவைப் பாருங்கள். சுகமடைந்த மனிதன் தன் படுக்கையை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்பாக நடந்து வெளியே போனான். அதே வீடு, அதே வாசல், அதே ஜனங்கள். படுத்த படுக்கையாய் வந்தவனுக்கு உள்ளே வர வழியில்லை; எழுந்து நடந்தவனுக்கு வெளியே போக வழி கிடைத்தது! அப்படியானால் ஒதுங்கி நிற்க முன்னமே இடமிருந்திருக்கவேண்டும். திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை. அதன் பலனாக ஒரு வீட்டுக்காரருடைய கூரை பிரிந்தது. நாம் ஓரடி ஒதுங்காமலிருப்பதற்கு எப்போதும் வேறொருவர்தான் செலவு கொடுக்கிறார்.

பிறரைப்பற்றி எண்ணாமலிருக்கும் இக்குறையைத்தான் இன்று நாம் சோதித்துப் பார்க்கவேண்டும். பகையில் பிறர் நமக்குச் சத்துருவாய்த் தோன்றுகிறார். எண்ணாமையிலோ பிறர் நமக்குத் தோன்றுவதேயில்லை. நமது திருவள்ளுவர் "கண்ணோட்டம்" என்று ஓர் அதிகாரமே பாடி வைத்தார். கண் பிறர்பால் ஓடவேண்டும், ஓடி இரங்கவேண்டும் என்பதே அந்தச் சொல்லின் கருத்து. கண்ணிருந்தும் அது தன்னைவிட்டு வெளியே ஓடாவிட்டால், அந்தக் கண்ணால் பக்கத்திலிருப்பவருக்கு என்ன பிரயோசனம்?

முதலாவது, நமது கோவில் வாசலிலிருந்தே தொடங்குவோம். பூசைக்கு வருகிறோம். செருப்பை ஓரமாய் விடாமல் நடுப்படியிலேயே கழற்றிவிடுகிறோம். தடியூன்றி வருகிற பாட்டியம்மாள் எந்தப் படியில் கால் வைப்பாள்? சக்கர நாற்காலி ஏறுவதற்காகச் சரிவுப்பாதை கட்டினால், அதன் குறுக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறோம். உள்ளே போனாலோ, பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அசைவதில்லை. பின்னால் வருகிறவர்கள் நமது முழங்காலைத் தாண்டி, குழந்தையையும் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையவேண்டும். வேறு சிலர் உள்ளே இடமிருந்தும் வாசற்படியிலேயே நின்று பூசை காண்கிறார்கள். இவர்கள் கப்பர்நாகும் ஊராருடைய நேர் வாரிசுகள். எழுந்தேற்ற வேளையில் யாரோ ஒருவருடைய செல்போன் பாட்டுப் பாடுகிறது. அதை நிறுத்துவதை விட்டு, "பூசையிலிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்" என்று கோவில் முழுவதும் கேட்கும்படி பதில் சொல்லுகிறார்.

இவையெல்லாம் அற்பக் காரியங்கள் என்பீர்கள். ஆனால் முழங்கால் வலியுள்ள ஒரு முதியவர் இரண்டு ஞாயிறு இப்படி இடித்துத் தள்ளப்பட்டால், மூன்றாம் ஞாயிறு வீட்டிலேயே இருந்துவிடுவார். ஒருவரையும் குறை சொல்லமாட்டார். "முடியவில்லை, சுவாமி" என்பார், அவ்வளவுதான். அவருக்குக் கூரையைப் பிரிக்க நான்கு பேர் எங்கே? ஆண்டவரிடம் வரவேண்டிய ஓர் ஆத்துமத்தை நமது முதுகு தடுத்து நிறுத்தியிருக்கிறது. அது நமக்குத் தெரியவும் தெரியாது. அற்பம் என்பது இதுதானா?

இரண்டாவது, தெருவையும் பேருந்தையும் கவனியுங்கள். பேருந்து நிலையத்தில் வண்டி வந்து நிற்குமுன்னே ஜன்னல் வழியாகத் துண்டு விழுகிறது, பை விழுகிறது. முறைப்படி படியேறிவந்த கர்ப்பிணிப் பெண் நின்றுகொண்டு வருகிறாள். துண்டு உட்கார்ந்துகொண்டு வருகிறது! இரவுப் பயணத்தில் ஒருவர் செல்போனில் நகைச்சுவைக் காட்சியை உரக்க வைத்துச் சிரிக்கிறார். பக்கத்தில் இருப்பவள் இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் காத்துவிட்டு வீடு திரும்பும் நர்சாயிருக்கலாம், மரணவீட்டுக்குப் போகிறவளாயிருக்கலாம். அவருக்கு அது தெரிய நியாயமில்லை. ஆனால் தெரியாததனாலேயே எச்சரிக்கையாயிருக்கவேண்டுமல்லவா? பக்திப் பாடலானாலும், பிறர் கேட்க விரும்பாத வேளையில் அது அவர்களுக்கு இரைச்சலே.

ஒலிபெருக்கியைப்பற்றியும் சொல்லவேண்டும். 2000-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி, பொதுவாக இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கலாகாது. சட்டம் இருக்கட்டும். கொடியேற்றமாயினும், காதுகுத்தாயினும், மஞ்சள் நீராட்டாயினும், குழாயைக் கட்டுமுன் அது எந்த வீட்டு ஜன்னலை நோக்கியிருக்கிறதென்று பார்க்கிறோமா? அந்த ஜன்னலுக்குள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையுண்டு, கைக்குழந்தையுண்டு, மாரடைப்பு வந்து பிழைத்தவருண்டு. அவர்கள் பிற மதத்தினராயிருந்தால், நமது திருவிழாவைப்பற்றி அவர்கள் அறிவது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

இன்னும் பெரிய காரியமொன்று. விருந்துக்கு வந்தவர்கள் சந்தின் இருபுறமும் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அந்நேரத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தால் எப்படி நுழையும்? அன்று நான்கு பேர் சுமந்ததை இன்று அந்த வண்டி சுமக்கிறது; அன்றைய கூட்டத்தின் இடத்தில் நமது வண்டிகள் நிற்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம்வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தண்டனைக்குப் பயந்து வழிவிடுவதும் நல்லதே. உள்ளே கிடப்பவன் சேசுநாதர் தமது சொந்தச் சகோதரனாக எண்ணுகிறவன் என்பதற்காக வழிவிடுவது கிறிஸ்தவனுக்கு அழகு.

மூன்றாவது, பந்தி. கல்யாணவீட்டில் ஒருவர் ரசத்துக்கு வருமுன்னே அவருடைய நாற்காலியின் பின்னால் ஆள் வந்து நின்றாயிற்று. சாப்பிடுகிறவர் பாயசத்தை ருசித்துச் சாப்பிடுவதெப்படி? முதியவர்கள் ஓரத்தில் நிற்க, வாலிபர்கள் முதல் பந்தியில் இடம் பிடிக்கிறார்கள். இது சாப்பாட்டுக் காரியந்தானே, இதற்கு ஞானப்பிரசங்கமா என்று எண்ணவேண்டாம். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். அந்தச் சபையில் சிலர் மற்றவர்களுக்குக் காத்திராமல் தங்கள் போஜனத்தை முந்திச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடிருந்து வெட்கமடைந்தார்கள். அப்போஸ்தலர் அவர்களை எவ்வளவு கடுமையாய்க் கண்டிக்கிறாரென்று பாருங்கள். கண்டித்தபின், ஆண்டவர் தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் தேவநற்கருணையை ஏற்படுத்தியதை நினைப்பூட்டுகிறார். முடிவில் அவர் இடும் கட்டளையோ மிகவும் சின்னது: சாப்பிடக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே. பந்தியில் காத்திருக்கத் தெரியாதவனுக்குப் பீடத்தண்டை என்ன வேலை என்பதுதான் அதன் உட்கருத்து.

"சுவாமி, இவையெல்லாம் பாவமா? சங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். தெரியாமல் செய்தது பாவமல்ல. ஆனால் தெரிந்துகொள்ள மனமில்லாதிருப்பது வேறு. பலமுறை சொல்லியும் "எனக்கென்ன?" என்று இருப்பவன், பிறசிநேகத்துக்கு விரோதமாய் நடக்கிறான். அன்றியும், கொலை செய்ய நம்மில் எத்தனை பேருக்குச் சோதனை வருகிறது? பிறரை இடிக்கும் சோதனையோ ஒவ்வொரு நாளும் வருகிறது. பெரும்பாலான கிறிஸ்தவர்களுக்குப் பிறசிநேகப் பரீட்சை வரிசையிலும், வாசலிலும், பேருந்திலுந்தான் நடக்கிறது.

இவ்விடத்தில் குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். 1897-ஆம் ஆண்டு 24 வயதில் மரித்த இப்புனிதவதி, பிரான்ஸ் தேசத்து லிசியே கார்மேல் மடத்தில் இருந்தபோது, தியான வேளையில் பின்னாலிருந்த ஒரு சகோதரி ஓயாமல் ஏதோ விநோதமான சத்தம் உண்டாக்கிக்கொண்டிருந்தாள். தெரேசம்மாளுக்கு அது தாங்கமுடியாத வேதனை. வியர்த்துப் போகுமட்டும் பொறுத்தாள். ஒரு பார்வையால் அந்தச் சகோதரியை அடக்கியிருக்கலாம், திரும்பவில்லை. கடைசியில் அந்தச் சத்தத்தையே சங்கீதமாகப் பாவித்து, அதை நன்றாய்க் கேட்டு, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாள். இதைத் தன் சுயசரிதையில் அவளே எழுதியிருக்கிறாள்.

இதை வாசிக்கும்போது நாம் எல்லாரும் நம்மைத் தெரேசம்மாளாகவே எண்ணிக்கொள்ளுகிறோம். "என் பின்னாலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள், சுவாமி!" என்று பெருமூச்சு விடுகிறோம். பின்னாலிருந்த சகோதரி நாமாகவே இருந்தால்? தான் எழுப்பும் சத்தம் முன்னாலிருப்பவளை வதைக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. நமக்குமட்டும் எப்படித் தெரியும்? நம்மைப் பொறுத்துக்கொண்டு வாய்திறவாமலிருக்கும் தெரேசம்மாள்கள் நமது வீட்டிலும் தெருவிலும் எத்தனை பேரோ!

ஆகையால் சட்டம் இரண்டு. பிறர் எழுப்பும் சத்தத்துக்குப் பொறுமை. நாம் எழுப்பும் சத்தத்துக்குக் கண்டிப்பு. நாமோ இதைத் தலைகீழாக்கி, நமக்குப் பொறுமையும் பிறருக்குக் கண்டிப்புமாய் வைத்திருக்கிறோம். ஒருவருக்குச் சொல்லவேண்டியது அவசியமானால், பக்கத்தில் போய், "ஐயா, கொஞ்சம் வழி விடுகிறீர்களா?" என்று தாழ்மையாய்க் கேளுங்கள். பெரும்பாலோர் வெட்கப்பட்டு உடனே ஒதுங்குவார்கள். அவரைச் செல்போனில் படம் பிடித்து ஊரெங்கும் அனுப்புவது, அவர் செய்த குற்றத்தைவிடப் பெரிய குற்றம்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் பிறசிநேகத்தின் இலக்கணத்தைப் படிக்கிறார்கள். உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும்போது அதன் அர்த்தத்தைப் படிக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் தகப்பன் குறுக்கே நுழைந்தால், மகன் அதைச் சாமர்த்தியம் என்று கற்றுக்கொள்ளுகிறான். ஜன்னல் வழியாகப் பிள்ளையையே உள்ளே தள்ளி இடம் பிடிக்கச் சொல்லும் தாய், பின்னாளில் அதே பிள்ளை தன் முதுமைக்கு இடங்கொடுக்கவில்லையென்று அழுவாள். "எழுந்திரு ராசா, பாட்டி உட்காரட்டும்" என்று சொல்லிப் பழக்குங்கள். காசு செலவில்லாத ஞானோபதேசம் அது.

இந்த வாரத்துக்கு ஒரு சின்னப் பிரதிக்கினை செய்துகொள்வோம். எங்கே நின்றாலும், எங்கே உட்கார்ந்தாலும், எங்கே வண்டியை நிறுத்தினாலும், ஒருமுறை திரும்பிப் பார்ப்பது. நமது முதுகுக்குப் பின்னால் யார்? அவருக்கு வழியிருக்கிறதா? அவ்வளவே. இரவு ஜெபம் முடிந்தபின் குடும்பத்தோடு உட்கார்ந்து, "இன்று யாருக்கு வழி விட்டோம்? யாருக்கு விடவில்லை?" என்று பிள்ளைகளையும் கேளுங்கள், நீங்களும் சொல்லுங்கள்.

பிரியமான கிறிஸ்தவர்களே, ஆண்டவரை நோக்கி நமது முகம் இருப்பது நல்லது. ஆனால் அவர் எப்பொழுதும் நமக்கு முன்னால்தான் இருப்பாரென்று எண்ணவேண்டாம். பசித்தவனிடத்திலும் நோயாளியினிடத்திலும் தாமே இருப்பதாக அவரே சொல்லியிருக்க, நமக்குப் பின்னால் வழி கேட்டு நிற்பவரும் அவராயிருக்கக்கூடும். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கும் வரப்பிரசாதத்தைத் தேவமாதாவின் மன்றாட்டினால் நமக்கு அவர் தந்தருளுவாராக.

ஆமென்.