வாசலில் நிற்பவருக்கு நாம் பட்ட கடன்

சிறிய வட்டங்களுக்குத் தீராத கவலை ஒன்று உண்டு. ஆட்கள் போதாது. எழுதுவோர் ஐந்து பேர், வாசிப்போர் ஐம்பது பேர், அவர்களிலும் பாதிப்பேர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். புதியவர்களைச் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு எழுவது இயல்பே. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. புதியவரை நாம் அழைப்பது அவருக்காகவா, நமக்காகவா?

நமக்குச் சற்றுத் தூரமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 'ஸ்ரார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பானது. அதன் பாத்திரங்களை வைத்துத் தாமே கதை எழுதும் ரசிகர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. 1967இல் நியூயோர்க்கிலிருந்து 'ஸ்பொக்கனாலியா' என்ற சஞ்சிகை வந்தது. ஸ்டென்சிலில் தட்டச்சுச் செய்து, றோனியோவில் உருட்டியெடுத்த சஞ்சிகை. இத்தகைய சஞ்சிகைகளில் எழுதியவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். பாத்திரங்கள் பிறருடையவை என்பதால் இலாபம் பார்ப்பதில்லை என்பது அவர்களிடையே பொதுநெறியாக இருந்தது. எழுதியவருக்குக் கிடைத்தது ஒரு பிரதி, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு வாசகர் கடிதம். புகலிடத்துச் சிறுபத்திரிகைகளை அறிந்த நமக்கு இது புதிய கதையல்ல.

1972 ஜனவரியில் இவர்கள் நியூயோர்க்கில் ஒரு மாநாடு கூட்டினார்கள். எதிர்பார்த்தது சில நூறு பேரை; வந்தது 3000 பேருக்கு மேல். அதே ஆண்டில் ஜாக்குலின் லிச்சன்பேர்க் என்ற எழுத்தாளர், புதியவர்களின் கடிதங்களுக்குப் பதிலெழுதுவதற்கென்றே தொண்டர் குழு ஒன்றை அமைத்தார். 'வெல்கமிற்றி' என்று பெயர்; வரவேற்பையும் கமிற்றியையும் ஒட்டிய சொல். எந்தக் கழகம் எங்கே இருக்கிறது, எந்தச் சஞ்சிகையை எப்படிப் பெறலாம் என்று சொல்வதே அதன் வேலை. 1997 வரை அது இயங்கியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் குழு தன் கூட்டத்தைப் பெருக்க முயலவில்லை என்பதையே. வந்தவர் எதைத் தேடி வந்தாரோ அதற்கு வழி காட்டிவிட்டு விலகி நின்றது. மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்று 1785இல் காண்ட் எழுதியதற்கு நடைமுறை உதாரணம் இது.

ஆனால் அங்கும் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கவில்லை. 1974இலிருந்து அச்சேறத் தொடங்கிய, இரு ஆண் பாத்திரங்களிடையேயான காதற் கதைகள் கைக்குக் கையாகவே பரவின. வேலை போகலாம், குடும்பத்தில் தலைகுனிவு வரலாம், உரிமையாளர் வழக்குப் போடலாம். புதியவரை மூத்த ஒருவர் மெல்ல மெல்ல உள்ளே அழைத்துச் சென்றதையும், ஆபத்தான எழுத்து கடைசியிலேயே கைக்கு வந்ததையும் கமில் பேக்கன்-ஸ்மித் 1992இல் வெளிவந்த தமது ஆய்வு நூலில் விளக்குகிறார்.

இந்த மறைப்பு நேர்மைக் குறைவா? அப்படி உடனே சொல்லிவிட நம்மால் இயலாது. புதிய முகத்தைக் கண்டதும் 'எந்த ஊர், யாரைத் தெரியும்?' என்று விசாரித்த கூட்டங்களை நாம் அறிவோம். அதை வெறும் குறுகிய மனம் என்று தள்ளிவிடுவது சுலபம். பதிப்பாளர் சபாலிங்கம் 1994 மே 1இல் பாரிசில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்த விசாரணையில் உண்மையான பயமும் கலந்திருந்தது. உள்ளே இருப்பவரைக் காக்கவும் கதவு வேண்டும்.

சிக்கல் அதன் பின்புதான் வருகிறது. பயம் போன பிறகும் விசாரணை போவதில்லை. காவலுக்கு நின்றவருக்கு அந்த இடம் பிடித்துப்போகிறது. முதலில் வந்தவர் பெரியவர், பின்னால் வந்தவர் கைதட்ட வேண்டியவர் என்றொரு படிவரிசை சத்தமில்லாமல் அமைந்துவிடுகிறது. பிறகு, இளையவர்கள் வருவதில்லையே என்று அதே வட்டம் குறைப்படுகிறது. வந்தவருக்குக் கதிரை போட்டோம், பேச இடம் கொடுத்தோமா?

புதியவருக்கு நாம் பட்ட கடன் இரண்டு என்று தோன்றுகிறது. இங்கே வந்தால் எதற்கு முகங்கொடுக்க நேரும் என்பதை முன்கூட்டியே சொல்வது ஒன்று. அவர் வந்து இந்த இடத்தை மாற்றுவார் என்பதை ஏற்றுக்கொள்வது மற்றது. இரண்டாவதே கடினம். பிறர் பாத்திரத்தை எடுத்து எழுதுபவர் 'இது எங்கள் வீடு, எதையும் தொடாதே' என்று இன்னொருவருக்குச் சொல்ல முடியாது. புதுமைப்பித்தன் 1943இல் 'சாபவிமோசனம்' எழுதியபோது இராமாயணத்துக்குள் நுழைய யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அகலிகையின் பக்கத்து நியாயம் அவருக்குப் போதுமானதாயிருந்தது.

யாருமே வராவிட்டால்? வட்டம் முடிந்துபோகட்டும். 'ஸ்பொக்கனாலியா' ஐந்து இதழ்களோடு 1970இல் நின்றது. அதனால் ரசிகர்கள் எழுதுவது நின்றுவிடவில்லை. ஒரு வட்டத்தின் ஆயுளை நீட்டுவதற்காக மனிதரைத் தேடுவதிலும் பார்க்க, தேடி வந்த ஒருவரின் கையெழுத்துப் பிரதியைக் கவனமாக வாசித்து ஒரு கடிதம் எழுதுவது மேலானது. அந்த ஒருவருக்குப் பதில் எழுத நேரமில்லாத வட்டத்துக்கு ஆட்கள் போதாது என்று சொல்ல உரிமையில்லை.