துன்பத்தின் அளவுகோல்

பொருள் தேடி இல்லத்தைப் பிரிந்து செல்வதற்குத் தமிழ் அகமரபு 'பொருள்வயிற் பிரிவு' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறது. அன்று அது கள்வர் திரியும் பாலை வழி. இன்று தொடர்வண்டியும் விடுதி அறையும். வழிதான் மாறியிருக்கிறது, பிரிவின் தன்மை பெரிதும் மாறவில்லை. அலுவல் நிமித்தம் வெளியூர் சென்று, சென்ற காரியமும் முடியாமல், வீடு திரும்பவும் இயலாமல் தவித்தவர்கள் நம்மில் பலர். அந்நேரத்தில் நம் துன்பத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

1997 ஜனவரியில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கோவையில் பம்புசெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றி வந்த நான், நிலுவைத் தொகையொன்றைப் பெற்றுவரக் கான்பூருக்கு அனுப்பப்பட்டேன். மூன்று நாள் வேலை என்றார்கள். பொங்கலுக்குள் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிப் புறப்பட்டேன். ஆனால் ஒரு கையெழுத்துக்காக ஓர் அலுவலகத்தின் படிகளைப் பதினொரு நாள் ஏறி இறங்க நேர்ந்தது. மூடுபனி விலகாத காலைகள்; பாதி மட்டுமே புரிகிற மொழி; "நாளை வாருங்கள்" என்ற ஒரே பதில். பொங்கல் அன்று விடுதியில் ரொட்டி உண்டேன்.

அக்காலத்தில் எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. நான் பக்கத்து வீட்டை அழைப்பேன். அவர்கள் போய் என் மனைவியைக் கூட்டி வருவார்கள். ஏழாம் நாள் இரவு, மகனுக்குக் காய்ச்சல் என்று அவள் சொன்னாள். எட்டாம் நாள் இரவு மீண்டும் பேசினேன். அலுவலகத்தின் அலட்சியம், விடுதியின் குளிர், உணவின் சுவையின்மை ஆகிய அனைத்தையும் கொட்டித் தீர்த்தேன். அவள் 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் எஸ்.டி.டி. பூத்தில் இருந்தவர் கட்டணச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒன்பது நிமிடங்கள் என்று அதில் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த ஒன்பது நிமிடங்களில் காய்ச்சலைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்நேரத்தில் மறுபடியும் பக்கத்து வீட்டாரை எழுப்ப மனம் துணியவில்லை. உறக்கமின்றி விடியலுக்காகக் காத்திருந்தேன். காலையில் அழைத்தபோது மனைவி சொன்னாள்: "காய்ச்சல் நேத்துச் சாயங்காலமே விட்ருச்சுங்க. நீங்க ரொம்பச் சலிச்சுப் போயிருந்தீங்க. அதான் குறுக்கே பேசலை." அவள் குறை சொல்லவில்லை. அதனாலேயே அந்தச் சொற்களை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை.

மனம் சோரும் வேளையில் நாம் வழக்கமாகக் கையாளும் ஆறுதல்கள் இரண்டு. முதலாவது, நம்மைவிட அதிகமாகத் துன்பப்படுவோரை எண்ணிக்கொள்வது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், பிறர் படும் பாட்டை நம் மனநோய்க்கு மருந்தாக அரைத்துக் குடித்துவிட்டு, அவர்களை மறந்துபோவது எவ்வகை அறம்? அவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது உதவி. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதோ ஆறுதல்.

இரண்டாவது, உயரத்திலிருந்து பார்ப்பது. கி.பி. 161 முதல் 180 வரை உரோமையை ஆண்ட பேரரசர் மார்க்குஸ் அவுரேலியுஸ், தலைநகரை விட்டு நெடுந்தொலைவில், தன்யூபு ஆற்று எல்லைப் போர்களுக்கிடையே கிரேக்க மொழியில் தமக்கென்று குறிப்புகள் எழுதிவந்தார். பிரபஞ்சத்தின் முன் இப்பூமியே ஒரு புள்ளி, நம் கவலைகள் எம்மாத்திரம் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சிந்தனை. பல குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு தந்தையின் சிந்தனை அது, எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் எனக்கு ஓர் ஐயம் உண்டு. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கையெழுத்துக் கிடைக்காத எரிச்சல் சிறிதாகும். கோவையில் ஒரு குழந்தைக்கு அடித்த காய்ச்சலும் அதே அளவு சிறிதாகிவிடுமே! எனக்குத் தேவைப்பட்டது எல்லாவற்றையும் சிறிதாக்கும் பார்வையன்று. எது சிறிது, எது பெரிது என்று காட்டும் பார்வை.

அத்தகைய பார்வையை நான் அகநானூற்றின் நான்காம் பாடலில் கண்டேன். பாடியவர் குறுங்குடி மருதனார். கார்காலம் வந்துவிட்டது, பிரிந்து சென்ற தலைவன் தேரேறி இல்லம் நோக்கி விரைகிறான். வழியில் பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் துணையோடு தங்கியிருக்கின்றன. தேர்மணியின் ஒலி அவற்றைக் கலைத்துவிடுமே என்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டுச் செல்கிறான் அவன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் தன் ஏக்கத்தைச் சிறிதென்று தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. தேரை நிறுத்தவும் இல்லை. துணையைத் தேடி விரைகிறவன் அவன்; ஆகவே, துணையோடிருக்கும் வண்டுகளை அவனால் காண முடிகிறது. அவனுடைய ஏக்கம் அவன் கண்ணை மறைக்கவில்லை, திறந்துவிட்டது. என் ஏக்கமோ என் கண்ணை மறைத்தது. யாரைக் காணாமல் தவித்தேனோ, அவர்களையே நான் காணவில்லை. என் தேர்மணி ஒன்பது நிமிடம் ஓயாமல் ஒலித்தது.

ஆகவே, துன்பத்தின் அளவுகோல் அது பெரிதா சிறிதா என்பதில் இல்லை என்று கருதுகிறேன். அத்துன்பத்திற்கு அப்பால் மற்றொருவர் நம் கண்ணுக்குத் தெரிகிறாரா என்பதில்தான் இருக்கிறது. தெரிகிறவரை நாம் நிலை தவறவில்லை.

மறுநாள் முதல், தொலைபேசியை எடுக்குமுன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளத் தொடங்கினேன்: மகனின் உடல்நிலை, மாமியாரின் கண் மருந்து, பால்காரர் கணக்கு. ஒவ்வொன்றாகக் கேட்டேன். என் குறைகளையும் சொன்னேன். அவற்றைக் கடைசியில் சொன்னேன். கையெழுத்து பதினொன்றாம் நாள்தான் கிடைத்தது.