மொட்டைக் கடிதத்துக்கு வந்த கூட்டம்

தோட்டத்தில் மொட்டைக் கடிதம் எழுதவும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. முதலில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். மலாக்காவில் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் வளர்ந்த காலத்தில் அந்தத் தகுதி உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: தமிழ்ப்பள்ளி வாத்தியார், ஆபீஸ் கிராணி, நாலு வகுப்பு தாண்டிய சில பெரியவர்கள், அப்புறம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள். ஒரு வீட்டுப் பெண்ணுக்கு இடம் அமைந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், மெர்லிமாவிலோ தம்பினிலோ இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேரும். 'உங்கள் நலம் விரும்பி' என்று முடிந்திருக்கும். இடக்கையால் கிறுக்கியிருப்பார்கள். ஆனாலும் 'ழ'வுக்கு வால் இழுக்கிற விதத்திலோ, ஒற்றுப்பிழையிலோ ஆள் மாட்டிக்கொள்வார். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அடுத்த முறை அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகிற கூட்டம் மட்டும் குறைந்துவிடும்.

அந்தக் கடிதங்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவற்றால் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. பந்தல்கால் நட்ட வீட்டில் பந்தலைப் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த விஷத்துக்கு ஓர் அளவு இருந்தது. அது ஒரே ஓர் ஆளுக்குப் போனது. அவர் நல்ல மனுஷராக இருந்தால் அடுப்பில் போட்டுவிட்டுப் பெண் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு வந்துவிடுவார். கடிதத்தைப் படிக்க ஊர் கூடி உட்காரவில்லை. எழுதியவனுக்கு யாரும் கைதட்டவில்லை, காசும் கொடுக்கவில்லை.

இன்றைக்கு அது எல்லாமே நடக்கிறது. 2024 ஜூலை 5ஆம் தேதி கோலாலம்பூரில் ராஜேஸ்வரி அப்பாஹு உயிரை மாய்த்துக்கொண்டார். டிக்டாக்கில் ஈஷா என்றால்தான் பலருக்குத் தெரியும். நேரலையில் அவரைக் கேவலமாகப் பேசினார்கள், மிரட்டினார்கள். முந்தின நாள்தான் போலீசில் புகார் கொடுத்திருந்தார். சில நாள்களிலேயே ஒரு பெண் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1955ஆம் ஆண்டுச் சிறுகுற்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு விதிக்க அனுமதித்த உச்ச அபராதம் 100 வெள்ளி. அதைக் கட்டிவிட்டுப் போனார். பிறகு இன்னோர் ஆளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

100 வெள்ளி என்றதும் நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு அந்த அபராதத்தைவிட அந்த நேரலைகளில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசனை. திட்டுகிறவர் தனியாகச் சுவரைப் பார்த்துத் திட்டவில்லை. திரையின் மூலையில் பார்ப்பவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, கீழே சிரிப்புப் பொம்மைகள் பறக்கின்றன, ரோஜாவும் மற்ற அன்பளிப்புகளும் வந்து விழுகின்றன. அந்த ரோஜா காசு கொடுத்து வாங்கியது. அதில் ஒரு பங்கு திட்டுகிறவருக்குப் போகிறது. தமிழில் நடக்கிற இந்த நடுராத்திரிச் சண்டைகளுக்கு ரசிகர்கள் யார்? மறுநாள் காலையில் கோயிலிலும் கல்யாணத்திலும் நாம் கைகூப்பிக் கும்பிடுகிற அதே மனிதர்கள்தான். கேட்டால், "நான் ஒண்ணும் எழுதலையே, சும்மா பார்த்தேன்" என்பார்கள். சும்மா பார்ப்பவர் இல்லாவிட்டால் அங்கே கடையே கிடையாது.

சட்டம் பிறகு வேகமாகத்தான் ஓடியது. பெரிய சமூக ஊடக நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் உரிமம் கட்டாயமாயிற்று. தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்து 2025 ஜூலை 11ஆம் தேதி நடப்புக்கு வந்தன. ஒருவரை உயிரை விடும் அளவுக்குத் தூண்டினால் பத்து ஆண்டு வரை சிறை. 2026 தொடக்கத்திலிருந்து இணையப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எல்லாம் நல்லதே. ஆனால் சட்டம் வசவு விழுந்த பிறகு வருகிறது. விழுகிற நேரத்தில் அங்கே இருப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

வசவைக் கண்டுபிடித்து நீக்கக் கருவி இருக்கிறது என்கிறார்கள். அந்தக் கருவிக்கு நம் தமிழ் எவ்வளவு தெரியும்? தமிழை ரோமன் எழுத்தில் அடித்து, நடுவில் ஒரு மலாய்ச் சொல்லைச் செருகி, ஓர் எழுத்துக்குப் பதிலாக ஓர் எண்ணைப் போட்டு எழுதுகிற நம்மவர் தமிழ் மெட்ராஸ்காரருக்கே பாதிதான் புரியும். ஈஷா இறந்தபோதே, தமிழ் தெரிந்த கண்காணிப்பாளர்கள் போதவில்லை என்ற பேச்சு எழுந்தது. அது அடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபரில் டிக்டாக் நூற்றுக்கணக்கானவர்களை வேலையைவிட்டு நிறுத்தியது; அவர்களில் பெரும்பாலோர் மலேசியாவில் இருந்தவர்கள். கண்காணிப்பை இனி செயற்கை நுண்ணறிவு கூடுதலாகப் பார்த்துக்கொள்ளும் என்பது காரணம்.

சரி, கெட்ட வார்த்தையைக் கருவி பிடித்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். கெட்ட வார்த்தையே இல்லாத வசவை என்ன செய்வது? எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டம் துண்டாடப்பட்டு, சனங்கள் ஆயர் குரோவுக்கும் செங்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிப் போன பிறகு, ஊரை ஊராக வைத்திருப்பது இந்தக் குழுக்கள்தான். திருவிழாத் தேதி, சாவுச் செய்தி, பிள்ளைகளின் எஸ்பிஎம் தேர்ச்சி எல்லாம் அதில்தான் வரும். மண்டபக் கூரை மாற்றினார்கள். நன்கொடை வசூலானது. ஒருநாள் இரவு ஒருவர், வயதில் பெரியவர், மரியாதையாகவே கேட்டார்: "கூரைக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு, கணக்கைக் குழுவில் போட முடியுமா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு நிர்வாகத்துக்கு வேண்டப்பட்ட ஓர் இளைஞரிடமிருந்து பதில் வந்தது. "உங்க தாத்தா எந்த லயத்துல இருந்தாருன்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப கணக்குக் கேக்க வந்துட்டீங்க."

இதில் எந்தச் சொல்லைக் கருவி நீக்கும்? தாத்தாவையா, லயத்தையா, கணக்கையா? எந்த அகராதியில் தேடினாலும் குற்றமில்லாத வாக்கியம். ஆனால் அந்தக் காலத்தில் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததை அறிந்தவர்களுக்கு அது முகத்தில் காறித் துப்பியது போலத்தான். அப்பாவும் தாத்தாவும் லயத்தைவிட்டு வெளியேறி, பேரன் டிப்ளோமா முடித்து, சொந்தத்தில் தாமான் வீடு வாங்கின பிறகும், ஒரு வரியில் அவரைப் பழைய வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டார்கள். அந்த வரிக்குக் கீழே ஏழெட்டுச் சிரிப்பு முகங்கள்.

அட்மின் உடனே நடவடிக்கை எடுத்தார். குழுவின் அமைதி கருதி, கணக்குக் கேட்டவரை நீக்கினார்.

நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் அண்ணே, ஏசினவன் உள்ளே இருக்கான், கேட்டவர் வெளியே போயிட்டாரே?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. அவரு எப்பவும் பிரச்சினை பண்றவரு."

வம்பு செய்பவரையும் கேள்வி கேட்பவரையும் ஒரே பெயரால் அழைக்கிற இந்தப் பழக்கம் புலனத்தோடு வந்ததல்ல. "அந்தக் காலத்தில் கங்காணி ஓர் அதட்டல் போட்டால் குழாயடிச் சண்டை கப்சிப் என்று அடங்கிவிடும்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடங்கியது உண்மைதான். அதே அதட்டலில்தான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூலி குறைந்ததைக் கேட்டவனின் வாயும் அடைத்தது. கேட்டவனுக்கு மறுநாள் பால் சுரக்காத ரப்பர் மர நிரை கிடைக்கும். 1967இல் இதே மலாக்காவின் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். தோட்டத்துக்குள் அவர்களுடைய பேச்சு எடுபட்டிருந்தால் அத்தனை தூரம் எதற்கு நடக்கப்போகிறார்கள்? தோட்டத்து அமைதியை நினைத்து ஏங்குகிறவர்கள் அது யாருடைய அமைதி என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அட்மின்களையே குறை சொல்லிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. சம்பளமில்லாத வேலை, ஏச்சு மட்டும் இரு பக்கமும் கிடைக்கும். போதாததற்குச் சட்டமும் அவர்கள் தலைமேல் தொங்குகிறது. 2012இல் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 114ஏ பிரிவின்படி, ஒரு பதிவின் நிர்வாகியாக உங்கள் பெயர் தெரிந்தால், அதை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று முதலில் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகள் நீதிமன்றத்தை அவமதித்தன என்பதற்காக. பொதுமக்கள் சில மணி நேரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். புலனக் குழு அட்மினுக்கு யார் திரட்டுவார்? ஆகவே பயம். பயந்தவர் செய்வது 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்ற பொத்தானை அழுத்துவது. அதன்பிறகு அந்தக் குழுவில் காலை வணக்கப் பூக்கள் மட்டும் பூக்கும்.

இதற்கெல்லாம் நடுவே சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் இருக்கிற இன்னொரு குழு, பழைய மாணவர்களுடையது. அட்மின் பணி ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளிக்கு நிலம் மாற்றித் தருவது பற்றிய விவாதத்தில் ஒருவர் கொதித்துப் போய், எதிர்த்துப் பேசினவரின் தாயாரை இழுத்து எழுதிவிட்டார். டீச்சர் அந்தப் பதிவை அழித்தார். அழித்த கையோடு, அதே கேள்வியைத் தாயாரை விட்டுவிட்டுத் தம் கையால் திரும்ப எழுதினார்: "இன்னார் கேட்பது இது. குழுத் தலைவர் பதில் சொல்லவும்." பிறகு தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். "தம்பி, கேள்வி உன்னோடது, இருக்கட்டும். அந்த அம்மா உன்னை என்ன பண்ணினாங்க?" எங்களிடம் இதைச் சொன்னவர் அந்தத் தம்பியேதான். ஐம்பது வயதைத் தாண்டியவர். டீச்சருக்கு இன்னும் தம்பி.

கங்காணி ஆளை அடக்கினார், டீச்சர் வசவை எடுத்துவிட்டுக் கேள்வியைக் காப்பாற்றினார். மட்டுறுத்துவது என்றால் எனக்கு இதுதான். இதைச் செய்ய லயத்தின் கதை தெரிய வேண்டும், யார் யாருக்கு என்ன உறவு, எந்தச் சொல் யாருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிய வேண்டும். அது சிங்கப்பூரிலோ கலிபோர்னியாவிலோ இருக்கிற எந்தக் கருவிக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் ஒதுங்கி நிற்கிறோம்; சிலர் சிரிப்பு முகத்தையும் தட்டிவிட்டு நிற்கிறோம்.

எனவே அட்மின்களாக இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் சொல்கிறேன்: யாரையாவது நீக்குவதற்கு முன் அவர் ஏசினாரா, கேட்டாரா என்று ஒருமுறை மேலே ஏற்றிப் படித்துப் பாருங்கள். ஏசினவர் உங்கள் மைத்துனரே ஆனாலும் பதிவை எடுங்கள், அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு: நேரலையில் ஒரு பெண்ணைப் பற்றி எவனாவது வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தால், புகார்ப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ரோஜா வாங்குகிற காசுக்கு வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம். ஏசப்பட்டவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் அன்றிரவே அவரைக் கூப்பிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றாவது கேளுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

எங்கள் கோயில் குழுவில் கூரைக் கணக்கு இன்னும் வரவில்லை. கேட்டவரையும் இன்னும் சேர்க்கவில்லை.